ஒரு அசடின் சாட்சியம்

அதிகாரத்தின் முன்னால் கேள்விக்கு உட்படுத்தப்படுகிறவனுக்கு இரண்டு வழிகள்தான் உண்டு என்று நம் இலக்கியப் பிரக்ஞை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, நிமிர்ந்து நின்று மறுப்பது. மற்றது, பணிந்துபோய்க் காட்டிக்கொடுப்பது. முதலாமவன் தியாகி, இரண்டாமவன் துரோகி. நம் கதைகளும் கவிதைகளும் பெரும்பாலும் இந்த இரண்டு பிம்பங்களை வைத்துக்கொண்டே காரியத்தை நடத்திவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒருத்தி நிற்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாள். சொன்னதில் கேட்டவர்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை. அசடு என்று முடிவுகட்டி அனுப்பிவிடுகிறார்கள். இவளை எந்தக் கணக்கில் எழுதுவது? ஜூடி ஹாலிடே என்ற அமெரிக்க ஹாஸ்ய நடிகையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. சினிமா ரசனை சம்பந்தப்பட்ட கேள்வியாக அல்ல, தார்மீகப் பிரச்னையாக.

அவர் 1921இல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜூடித் துவிம். பண்டிகை நாளைக் குறிக்கும் ஹீப்ரு வார்த்தையின் சாயல் துவிமில் இருப்பதால் ஹாலிடே என்று ஆனது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். பிறகு பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் முதலிய நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னக் குழு. வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை விடுதியில் அவர்களே எழுதி, அவர்களே நடித்த அங்கத நாடகங்கள். கேலி செய்யத் தெரிந்த, படிப்பு உள்ள, கையில் காசில்லாத இளைஞர்களின் வட்டம். இப்படிப்பட்ட வட்டங்கள் எப்படி இருக்கும் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1946இல் கார்ஸன் கானின் எழுதிய 'பார்ன் யெஸ்டர்டே' நாடகத்திலிருந்து ஜீன் ஆர்தர் விலகிக்கொள்ள, சில நாள் அவகாசத்தில் அந்தப் பாத்திரம் ஹாலிடேக்கு வந்தது. நாடகம் 1949 வரை 1,642 முறை மேடையேறியது. அப்படியும் கொலம்பியா முதலாளி ஹாரி கோன் சினிமாவில் அவரைப் போட விரும்பவில்லை. கானினும் அவர் மனைவி ரூத் கார்டனும் எழுதி, ஜார்ஜ் குகோர் இயக்கிய 'ஆடம்ஸ் ரிப்' படத்தில் ஒரு சிறு வேடம் கொடுத்து இவர் யார் என்று காட்ட வேண்டியிருந்தது. 1950இல் 'பார்ன் யெஸ்டர்டே' படமாயிற்று. அடுத்த ஆண்டு, குளோரியா ஸ்வான்ஸனும் பெட்டி டேவிஸும் போட்டியில் இருக்க, ஆஸ்கார் இவருக்குப் போயிற்று.

'ஆடம்ஸ் ரிப்' படத்தில் ஒரு காட்சி. கணவனைச் சுட்டுவிட்டுச் சிறையில் இருக்கிற பெண்ணை வக்கீல் காதரின் ஹெப்பர்ன் கேள்வி கேட்கிறார். வெட்டு இல்லாமல் வெகுநேரம் நீளும் ஒரே ஷாட். காமிரா ஹாலிடேயின் முகத்தை விட்டு அசைவதில்லை. சுட்ட பிறகு எப்படி இருந்தது என்றால், பசித்தது என்கிறாள் அந்தப் பெண். கொட்டகை சிரிக்கிறது. ஆனால் அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே பசித்திருக்கிறது. கேட்பவருக்கு மனோதத்துவ விளக்கம் வேண்டியிருக்கிறது, சொல்பவளிடம் இருப்பது வயிறு. ஹாலிடேயின் ஹாஸ்யம் முழுவதும் இந்த இடைவெளியில் பிறப்பது. அசட்டுத்தனம் என்பது அறிவு இல்லாத நிலை அல்ல, அறிவாளிகள் கேட்கும் தளத்தில் பதில் சொல்ல மறுக்கும் நிலை என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

'பார்ன் யெஸ்டர்டே'யின் பில்லி டான் இதன் முழு வடிவம். பழைய இரும்பு வியாபாரத்தில் கொழுத்த ஹாரி பிராக், ஒரு காங்கிரஸ் உறுப்பினரை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். கூடவே அவன் வைத்திருக்கும் பெண் பில்லி. நாலு பேர் நடுவில் இவள் மானத்தை வாங்குகிறாள் என்று ஒரு பத்திரிகைக்காரனைச் சம்பளத்துக்கு வைத்து அவளுக்குப் படிப்புச் சொல்லித்தரச் செய்கிறான். அவள் படித்துவிடுகிறாள், அதுதான் வினை. நீட்டின காகிதங்களில் இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். ஆனால் படிப்பு வருவதற்கு முன்பே ஒரு சீட்டாட்டக் காட்சி இருக்கிறது. பேச்சே கிட்டத்தட்ட இல்லை. சீட்டுகளை மளமளவென்று அடுக்குகிறாள், முணுமுணுவென்று பாடுகிறாள், பிராக்கைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறாள். புத்தி முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி வருவது நாடகம் அல்ல. 1950 ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்ற வெளியீடு, ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கம்யூனிஸ்டுச் சார்புடையவர்கள் என்று 151 பேரைப் பட்டியலிட்டது. அதில் ஹாலிடே பெயரும் இருந்தது. சில சங்கங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தார், சில விண்ணப்பங்களில் அவர் பெயர் சேர்ந்திருந்தது. எஃப்.பி.ஐ. துருவிப் பார்த்தும் கட்சி உறுப்பினர் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தும் 1952 மார்ச் 26ஆம் தேதி, ஸெனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்கமிட்டி முன் வாஷிங்டனில் ஆஜராக வேண்டி வந்தது. படத்தில் வாஷிங்டனுக்கு வந்த அசடு புத்திசாலி ஆனாள். இரண்டு வருஷம் கழித்து அதே ஊருக்குப் புத்திசாலி வந்தாள், அசடாக வேண்டியிருந்தது.

கமிட்டி முன் அவர் பேசியதைப் படித்தால் பில்லி டானின் குரல் காதில் விழும். அப்போது எதைப் பற்றியும் ஆழமாக யோசிக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன் என்கிறார். இப்போதெல்லாம் புற்றுநோய், இளம்பிள்ளைவாதம் மாதிரி காரியங்களுக்குத் தவிர வேறெதற்கும் சரி சொல்வதில்லை என்கிறார். தான் என்ன செய்தோம் என்று தெரிந்துகொள்ளத் தன்னைப் பற்றித் துப்பறியத் தானே ஆள் வைத்ததாகச் சொல்கிறார். இதையெல்லாம் ஸெனட்டர்கள் முகம் மாறாமல் கேட்டுப் பதிவு செய்துகொள்கிறார்கள். ஒரு இடத்தில் மட்டும் குரல் இறங்கி நேராகிறது. காம்டனையும் கிரீனையும் பற்றிக் கேட்கும்போது, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று தயங்காமல் சொல்கிறார். கடைசிவரை ஒரு பெயரைக்கூடக் கொடுக்கவில்லை.

இது பொய்யா? கான்ட் 1797இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. உன் நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிறார். உண்மையைப் பெற உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லும் கடமை என்ற பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கு அவர் சொன்ன பதில் அது. ஹாலிடே இருவருக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தார். கதவைத் திறந்து, வீட்டில் யாருமே இல்லை என்கிறார். நண்பர்கள் இல்லை என்று அல்ல, தானே இல்லை என்று. தத்துவ ரீதியாக இதுவும் ஏமாற்றுத்தான். ஆனால் இந்த ஏமாற்று கேட்பவனின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. பொன்னிறக் கூந்தலும் அந்தக் குரலும் உள்ள பெண்ணுக்கு மூளை இருக்காது என்று ஸெனட்டர்கள் முன்கூட்டியே நம்பியிருக்க வேண்டும். அவர் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை, அவ்வளவே.

கான்ட்டின் ஆட்சேபத்தைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஹாலிடே நண்பர்களைக் காப்பாற்றினார், சரி. தன் கடந்த காலத்தை என்ன செய்தார்? ஒரு காலத்தில் ஏதோ ஒரு நியாயத்தை நம்பித்தான் அந்த விண்ணப்பங்களுக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். அவையெல்லாம் ஒரு முட்டாள் பெண் தெரியாமல் செய்தவை என்று பதிவாகிவிட்டது. அதாவது நியாயத்துக்குப் பெயர் கொடுப்பதே முட்டாள்தனத்தின் அடையாளம் என்று அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. அதோடு, பெண் என்றால் அசடு என்ற பழைய அவமதிப்புக்கு நாட்டிலேயே கெட்டிக்கார நடிகை ஒருத்தியின் கையெழுத்தும் கிடைத்தது. அதே வருஷம் மே மாதம் லில்லியன் ஹெல்மன், என்னைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிப் பேச மாட்டேன் என்று பிரதிநிதிகள் சபைக் கமிட்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் பக்கத்தில் ஹாலிடேயின் சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் கூசத்தான் செய்கிறது.

ஆனால் அதன் இன்னொரு பக்கத்தில் இருப்பது இலியா கஸான். ஏப்ரலில் அவர் பழைய தோழர்கள் எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். தெளிவாக, பொறுப்போடு, காரணங்கள் காட்டி. அசட்டுத்தனம் கொஞ்சமும் இல்லை.

நான் வேலை பார்க்கிற கிளையில் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு விசாரணை நடந்தது. தொழிற்சங்கத் துண்டறிக்கையைக் கவுண்டரில் ஒட்டினவர்கள் யார் என்று பியூன் ஒருவரைக் கேட்டார்கள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் சார் படிக்க வரும், அது என்ன காகிதமோ என்று அவர் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேப்பரை வரிவிடாமல் எங்களுக்கு வாசித்துக்காட்டுகிறவர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவருடைய கிளார்க் பிரமோஷன் பேச்சு வந்தபோது, அவருக்குப் படிக்கவே வராதே, விசாரணையில் அவரே சொல்லியிருக்கிறாரே என்று பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில், அவரால் காப்பாற்றப்பட்டவர்களும் இருந்தார்கள்.

எனவே அசட்டு முகமூடி இனாமாகக் கிடைப்பதல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டுக்கொள்கிறவர் கழற்ற நினைக்கும்போது மற்றவர்கள் விடமாட்டார்கள். ஹாலிடேக்கும் அதுதான் நடந்தது. சினிமா வாய்ப்பு நிற்கவில்லை, ஆனால் ரேடியோவும் டெலிவிஷனும் ஏறத்தாழ மூன்று வருஷம் அவரை அண்டவிடவில்லை. கிடைத்த வேடங்கள் அநேகமாகப் பில்லியின் தங்கைகள். நுண்ணறிவுச் சோதனையில் 172 வாங்கியவர் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. அந்த மாதிரி எண்களில் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் அதை ஒரு விந்தைச் செய்தியாகவே எழுதினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 1956இல் வந்த 'சாலிட் கோல்ட் காடிலாக்' படத்தில் பத்தே பத்துப் பங்குகள் வைத்திருக்கிற ஒருத்தியாக வருகிறார். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, தலைவர் இவ்வளவு சம்பளத்துக்கு எவ்வளவு நேரம் வேலை செய்கிறார் என்று வெகுளியாகக் கேட்கிறார். கமிட்டி அறையில் ஒளித்துவைத்த அறிவை இந்த மாதிரி இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மீட்டுக்கொண்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. முழுவதும் மீட்க ஆயுள் இல்லை. மார்பகப் புற்றுநோயால் 1965 ஜூன் 7ஆம் தேதி இறந்தபோது வயது 43.

என் முடிவு இது. முட்டாளாக நடிப்பதில் தன்னளவில் ஒரு ஒழுக்கமும் கிடையாது. பெரும்பாலும் அது கோழைத்தனத்தின் சௌகரியமான பெயர். தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் நிறைந்திருக்கிறார்கள், எல்லா இலக்கிய வட்டத்திலும்கூட. ஹாலிடேயை அவர்களிடமிருந்து பிரிப்பது ஒரே ஒரு விஷயம்: செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பது. கஸான் மற்றவர்கள் கணக்கில் எழுதினார். ஹெல்மன் தன் கணக்கில், தன் கௌரவம் குறையாமல் எழுதினார். ஹாலிடே கௌரவத்தையே செலவாக எழுதினார். இது ஹெல்மனுடையதைவிட உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் நிமிர்ந்த முதுகை மட்டும் நினைத்துக்கொள்ளும் நம் பழக்கம் குறையுடையது என்று சொல்கிறேன். நிமிர்ந்தவனுக்குச் சரித்திரம் கடன்பட்டிருக்கிறது, அவனுக்கும் அது தெரியும். அசடாக நின்றவளுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவள் செய்தது வெற்றி பெற வேண்டுமானால் அது செயலாகவே தெரியக்கூடாது.

அவர் சாட்சி சொன்னதற்கு மறுநாள், 1952 மார்ச் 27ஆம் தேதி, நியூயார்க்கில் 'சிங்கிங் இன் த ரெயின்' வெளியாயிற்று. எழுதியவர்கள் காம்டனும் கிரீனும். நான்கு வருஷம் கழித்து அவர்கள் இருவரும் 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' என்ற இசை நாடகத்தை ஹாலிடேக்கென்றே எழுதினார்கள். ஒரு டெலிபோன் ஆபரேட்டரின் வேடம். முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் செய்திகளைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் அறியாமலே அவர்களுக்கு உதவிக்கொண்டிருக்கும் ஒரு பெண்.