சம்பளச் சிரிப்பு

ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்காக ஜெர்மனி போனதுதான் என் முதல் நீண்ட விமானப் பயணம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட், சுமார் 10 மணி நேரம். பெல்ட் மாட்டத் தெரியாமல் திணறியபோது பணிப்பெண் சிரித்தபடி மாட்டிவிட்டார். நடுராத்திரியில் மூணாவது தடவை தண்ணி கேட்டப்பவும் அதே சிரிப்பு. பயமே போய்விட்டது.

திரும்பி வந்து சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: “சம்பளத்துக்குச் சிரிக்கிறதுக்கா இவ்ளோ உருகுற?”

ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல் எழுதிய ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ டெல்டா விமானப் பணிப்பெண்களின் இந்தச் சிரிப்பைப் பற்றியதுதான். ஏன் சிரிக்கவில்லை என்று கேட்ட பயணியை முதலில் சிரிக்கச் சொல்லிவிட்டு, அப்படியே 15 மணி நேரம் இருங்கள் என்ற ஒரு பணிப்பெண் அதில் வருகிறார்.

நான் போல்ட் டைட் பண்றதும் சம்பளத்துக்குத்தான். அதனால் அந்தப் பிடிப்பு பொய்யாகிவிடுமா? வண்டியில் போகிறவர் உயிர் அதில் இருக்கிறதே. ஆனால் ஒண்ணு: என் போல்ட்டைக் கடுகடுத்த முகத்தோடும் முடுக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பணிப்பெண்ணுக்கு முகமும் வேலையில் சேர்த்தி.

அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை. தரையிறங்குவதற்குச் சற்று முன், திரைக்குப் பின்னால் அவர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் வந்துவிட்டது. நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.