அரசியின் எலும்பு

பழைய கோவாவில் இடிந்து கிடக்கும் புனித அகஸ்தீனார் மடத்தில் இந்தியத் தொல்லியல் துறை 2004இல் கண்டெடுத்த கை எலும்பு, ஜார்ஜியாவின் காகெத்தி நாட்டு அரசி கெதேவானுடையதா என்ற வினா ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், ஒருவரை அவராக ஆக்குவது எது என்னும் மெய்யியல் வினாவையும் தன்னுள் கொண்டிருக்கிறது. மதம் மாற மறுத்ததால் 1624இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் அந்நாட்டு மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி வதைத்துக் கொல்லப்பட்ட அவருடைய உடலின் எச்சங்களில் ஒரு பகுதியை அகஸ்தீனத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து, மடத்தின் சிற்றாலயத்தில் ஒரு சன்னலருகே வைத்தனர் என்று போர்த்துக்கீசிய ஏடுகள் கூறுகின்றன.

ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அந்த எலும்பின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை, அதாவது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மரபுப்பொருளை, ஆராய்ந்து, அது இந்திய மாதிரிகளில் காணப்படாததும் ஜார்ஜியாவில் இருப்பதுமான 'யு1பி' என்னும் தாய்வழிக் கிளையைச் சேர்ந்தது எனக் கண்டது; அங்கேயே கிடைத்த வேறு இரு எலும்புகளோ இந்தியத் தாய்வழிகளைச் சேர்ந்தவை. சான்று வலுவானதுதான். ஆயினும் தாய்வழிக் கிளை என்பது எண்ணற்றோர் பகிர்ந்துகொள்ளும் அடையாளமாதலால், ஏடு சுட்டிய சன்னலருகே எலும்பு கிடைத்திராவிட்டால், அரசியின் பெயரை அதனோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் வழி இருந்திராது.

எகிப்திலும் நிலை இதுவே. அரசர் இரண்டாம் அமென்ஹோதெப்பின் கல்லறையில் கிடந்த, 'இளைய சீமாட்டி' என்று அழைக்கப்படும் மம்மி, அதாவது பதப்படுத்தப்பட்ட உடல், அரசர் துட்டன்காமுனின் தாயுடையது என்று 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. அவர் பெயர் இன்னும் உறுதியாகவில்லை. பெயரையும் ஆளின் ஒரு கூறாகவே கொண்டு, அது அழிந்தால் மறுமையும் கெடும் என்று நம்பிய மக்களிடையே வாழ்ந்த அப்பெண்ணுக்குச் சோதனை மகனை மீட்டுத் தந்தது, பெயரை மீட்டுத் தரவில்லை.

2021 ஜூலையில் இந்தியா கெதேவானின் எலும்பை ஜார்ஜியாவுக்குக் கையளித்தது. அந்நாட்டுத் திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுவது அவர் பிறந்த கிளைக்காக அன்று, உயிர் போகும் நிலையிலும் அவர் மாற்றிக்கொள்ளாத முடிவுக்காகவே. அந்த முடிவு எந்த மரபணுவிலும் பதிந்திருக்காது. ஆகவே, 'இது அவருடையதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி' என்று சொல்லி ஆய்வுக்கூடம் நிறுத்திக்கொள்வதே நேர்மை. புனிதத்துக்கும் அதனிடம் முத்திரை கேட்பது அறிவியலுக்கும் சமயத்துக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை.