முதலில் சோறு
(தங்கவயல் ஊரிகத்தில் வைகாசிப் பௌர்ணமியன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பௌர்ணமியில் மணிமேகலைக் கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மணிபல்லவத் தீவில் கோமுகி என்று ஒரு பொய்கை. அதில் மூழ்கிக் கிடக்கும் அமுதசுரபி ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மேலே வரும். புத்தர் பிறந்த வைகாசி விசாகம்தான் அந்த நாள் என்கிறது காப்பியம். பகவானின் பிறந்தநாளுக்குத் தண்ணீரிலிருந்து எழுந்து வருவது ஒரு சோற்றுப் பாத்திரம்!

அந்தப் பாத்திரம் முதலில் யாரிடம் இருந்தது? ஆபுத்திரனிடம். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை, பசு பால் கொடுத்துக் காத்த பிள்ளை. வளர்ந்த ஊர், பிறப்பைச் சொல்லி அவனை விரட்டியது. மதுரைக்கு வந்து ஓடு ஏந்திப் பிச்சை எடுத்தான். எடுத்ததைத் தனியாக உட்கார்ந்து தின்னவில்லை. கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், ஆதரவற்றவர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டான். மிச்சத்தைத்தான் அவன் உண்டான். அவனிடம்தான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுத்தாள்.

பிறகு நாட்டில் மழை செழித்தது, அவனிடம் கையேந்த ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத சோறு. ஆயிரம் பேருக்குப் போடவேண்டிய பாத்திரத்தை வைத்துத் தன் வயிற்றை மட்டும் வளர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டான். உண்ணாமல் இருந்து உயிரையும் விட்டான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொருத்தி காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் நாவல் கனி, ஒரு முனிவருக்கு அதுதான் உணவு. கவனியாமல் காலால் சிதைத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டு, எதைத் தின்றாலும் அடங்காத யானைத்தீ அவள் வயிற்றில். அடுத்தவர் உணவை மிதித்தால் நம் பசி அடங்காது. கதை கேட்கிற குழந்தைகூட அதைப் புரிந்துகொள்ளும்.

முதலில் சோறு என்பதைப் பகவானே நடத்திக் காட்டினார். ஆளவி நகரத்தில் ஓர் ஏழை உழவன். அவனுக்காகவே முப்பது யோசனை தூரம் நடந்து வந்தார் என்று தம்மபத உரை சொல்கிறது. அன்று பார்த்து அவன் மாடு காணாமல் போயிற்று. தேடிப் பிடித்து, களைத்துப்போய் வந்து நின்றான். ஊரே உபதேசத்துக்குக் காத்திருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை. சோறு மிச்சம் இருக்கிறதா, இவனுக்குப் போடுங்கள் என்றார். அவன் உண்டு முடித்த பிறகே தம்மத்தைச் சொன்னார். கூட இருந்த பிக்குகளே முணுமுணுத்தார்கள். பசித்தவன் காதில் தம்மம் ஏறாது என்பதைச் சீடர்களுக்கும் அவர் விளக்கவேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877-ல் கூலியைக் குறைத்தார் பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். அரைக் கிலோவுக்கும் குறைவு, அதுவும் மண் சுமக்கிறவனுக்கு! அந்தப் பஞ்சத்தின் சுவடு மறையுமுன், 1880-களில் இங்கே தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள், தட்டி வீட்டு லைன்களில் குடியேறினார்கள். அவர்கள் பசிக்கு மட்டும் வாழவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தத்தை நெஞ்சில் ஏந்தினார்கள். அவர் நூல்களை இங்கே சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. கஞ்சிக்குக் கஷ்டப்பட்டவர்கள் புத்தகத்துக்குக் காசு கொடுத்தார்கள்.

2001 மார்ச் முதல் மைன்ஸ் மூடியது. அடுப்பு எரிந்தது எப்படி என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். அதே 2001-ல் அரசு கிடங்குகளில் ஐந்து கோடி டன்னுக்கும் மேலே தானியம் குவிந்திருந்தது. ராஜஸ்தானிலோ மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போயிற்று. நவம்பர் 28-ல் உத்தரவு வந்தது: அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த மதிய உணவு போடவேண்டும். காமராசர் 1956-லேயே தமிழ்நாட்டில் செய்ததை நாடு முழுவதும் செய்ய ஒரு வழக்கு தேவைப்பட்டது.

2004 ஏப்ரலில் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: சமையல் வேலைக்குத் தலித்துகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். சில ஊர்களிலோ, தலித் பெண்ணின் கை பட்ட சோற்றை என் பிள்ளை தொடாது என்று தட்டைத் திருப்பி வைத்தார்கள். இன்றும் அங்கங்கே நடக்கிறது. காயசண்டிகை தெரியாமல் மிதித்தாள்; இவர்கள் தெரிந்தே மிதிக்கிறார்கள். பகவானோ யார் கைச் சோறு என்று பார்க்கவில்லை; கடைசியாக உண்டது கொல்லன் சுந்தன் வீட்டுச் சோறு. அதன் பிறகு நோய் கண்டது. சுந்தன் மனம் நோகக்கூடாது, ஞானம் பெறுமுன் உண்ட உணவுக்கு இது சமம் என்று அவனிடம் சொல் எனச் சீடர் ஆனந்தரிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் போனார்.

விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. அதைப் பிடிக்க, ஊர் உறங்கும்போதே எழுந்து உலை வைக்கிறாள் ஒரு தாய். கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் குவித்துப் போட்டு, துடுப்பால் நடுவில் குழி பண்ணி, வேகும் மட்டும் கிளறாமல் விட்டு, பிறகு பானையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு ஓங்கிக் கிளறுகிறாள். ஈரக் கையால் உருட்டி, மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, புருஷன் டிபனுக்கு ஒன்று. பானையில் ஒட்டியதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். பெங்களூரில் அடுத்தவர் வீட்டில் சமைக்கவோ, தையல் மிஷினில் உட்காரவோ. அன்னதானம் என்று பேசும் நாம், சமைத்தவள் சாப்பிட்டாளா என்று கேட்டதுண்டா? கேளுங்கள், வீட்டில் இன்றைக்கே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். 1930-ல் கைரேகை கேட்ட கம்பெனியை எதிர்த்து இந்தத் தங்கவயல் வேலைநிறுத்தம் செய்தது. இன்று ரேஷன் கடை மிஷினும் ரேகைதான் கேட்கிறது. பாறையில் வேலை செய்து விரல் தேய்ந்த பெரியவருக்கு ரேகை விழாவிட்டால், பை காலியாகத் திரும்புகிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் உரிமை. யாரும் போடுகிற பிச்சை இல்லை. மிஷின் தோற்றால் ஓ.டி.பி. கேட்கலாம், வேறு வழி கேட்கலாம், எழுதிக் கொடுக்கலாம். தனியாக நிற்கும் கிழவருக்கு அதைக் கேட்கத் துணிச்சல் வராது. இளைஞர்களே, உங்கள் லைனில் தனியாக இருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று இன்று இரவே எழுதுங்கள். மாதத் தொடக்கத்தில் ரேஷன் போடும் நாளில் ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நில்லுங்கள். பை நிறையும் வரை கடையைவிட்டு நகராதீர்கள்.

பந்தி தயாராக இருக்கிறது. சமையல் கட்டில் இருக்கிற அம்மாக்களை முதல் வரிசைக்கு அழைத்து வாருங்கள். பரிமாற நான் வருகிறேன்.