காற்றின் திசை

தினமும் காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து கடலையும் வானத்தையும் சிறு காகிதங்களில் நீர்வண்ணத்தில் தீட்டி வருகிறேன். நண்பர்கள் இதைச் சாதகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் சம்மதமில்லை. பாடகனின் சாதகத்தில் ஸ்வரம் நேற்றிருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. கடல் அப்படியில்லை. நேற்று கை கற்றுக்கொண்டது இன்று கண்ணுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. ஆறு மாதத்தில் என் கைக்கு ஒரு கடல் மனப்பாடமாகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் ஜுரம். நாள் தவறக் கூடாது என்ற வீம்பில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கையிலேயே அன்றைய கடலைப் போட்டு முடித்தேன். பிறகு படங்களைப் புரட்டிய நண்பர் அதையே எடுத்து, 'இதில்தான் கடல் இருக்கிறது' என்றார். நான் மறுக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பாரிஸின் 1859 ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரையில் போதலேர், யூஜின் பூதேன் கடலையும் வானத்தையும் நேரில் பார்த்துத் தீட்டிய நூற்றுக்கணக்கான பாஸ்டல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி, நேரம், காற்று குறிக்கப்பட்டிருந்தன. குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் பொழுதையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்பது அவருடைய பாராட்டு. பார்வையாளனுக்கு இந்தச் சோதனை போதும். என் ஜுரப் படமும் இதில் தேறிவிடும் என்பதுதான் சங்கடம்.

பூதேனுக்கு முன்பே, 1821-22ல் லண்டனையடுத்த ஹாம்ஸ்டெட்டில் மேகங்களைத் தீட்டிய கான்ஸ்டபிளும் தாள்களின் பின்பக்கம் இவற்றைக் குறித்துவைத்தார். ஓவியம் ஒரு விஞ்ஞானம் என்று 1836ல் உரையாற்றியவர் அவர். விஞ்ஞான ஆர்வம் என்று ஒதுக்கிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்து, வெறும் பழக்கமாக அதைப் பின்பற்றி வந்தேன். அன்று படத்தைத் திருப்பித் தேதி எழுதினேன். மணி எழுதினேன். காற்று என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. வாடையா, கொண்டலா? அலையையும் மேகத்தையும் ஒளியையும் புனைய முடிந்தவனுக்கு அந்த ஒரு சொல்லைப் புனையக் கை வரவில்லை. புனைந்திருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை.

கற்பனை பொய்யல்ல. கடலையே பார்க்காமல் கடலை வரைய ஒருவனுக்கு உரிமை உண்டு. நேற்றையதை எடுத்து இன்று என்று நீட்ட உரிமையில்லை. தேதி போட்டவன் சாட்சியாகிவிடுகிறான். அன்றைக்கும் வெளியே ஒரு கடல் இருந்தது. அது இருந்த இடத்தில் நான் என்னை வைத்துவிட்டேன். நஷ்டம் அதுதான். கவிதை எழுதுகிற நம்மில் பலரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் மழை பெய்விக்கிறோம். அது பாராட்டும் பெறுகிறது.

அந்தப் படத்தை நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். காற்றுக்கு விட்ட இடம் காலியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.