சம்மதமும் முறையும்

விருத்தாசலம், கம்மாபுரம் வட்டாரத்துக் கத்தோலிக்கர் நன்கறிந்த கோணான்குப்பம் பெரியநாயகி மாதா ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர், தாம் இயற்றிய தேம்பாவணிக்குத் தலைவராகக் கொண்டது சூசையப்பரை. அவர் கன்னிமை காத்தபடியே மரியாளுக்குக் கணவராக வாழ்ந்தார் என்பது திருச்சபை மரபு. உடலுறவில்லாத அந்த மணவாழ்வு மெய்யான திருமணம்தானா என்று 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இறையியலார் வாதிட்டபோது, திருமணத்தை ஆக்குவது கூடலன்று, மணமக்கள் ஒருவருக்கொருவர் அளிக்கும் சம்மதமே என்று பீட்டர் லொம்பார்டு முதலியோர் நிறுவ முயன்றனர், அக்கருத்தே நிலைத்தது. ஆயினும் பதின்பருவத்தினருக்கான மறைக்கல்வியில், அதாவது ஞாயிறுதோறும் பங்கில் நடக்கும் சமய வகுப்பில், கற்பைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குச் சம்மதத்தைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

இக்குறைக்குக் கோட்பாடு காரணமன்று. பெற்றோர் இசைவில்லாத திருமணம் செல்லாது என்ற கூற்றை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. அத்தகைய திருமணங்களைத் திருச்சபை வெறுத்துவந்துள்ளது என்று அதே ஆணை சொல்வதையும் மறைப்பதற்கில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் விதி, மணமக்களின் சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்கிறது. வற்புறுத்தலாலோ, வெளியிலிருந்து வரும் கடும் அச்சத்தாலோ, தப்ப வேறு வழியின்றிச் செய்துகொண்ட திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் விதி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பங்குத்தந்தை தனித்தனியே அமர்த்தி விசாரிப்பதும், மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிப்பதும், அதாவது இருவர் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஊரையும் அறிவித்துத் தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்குமாறு கேட்பதும், தடையில்லாத, மெய்யான சம்மதத்தை உறுதிசெய்யவே.

எது தடை என்பதில்தான் நூலும் ஊரும் முரண்படுகின்றன. மாமன் மகளை மணப்பது 1091ஆம் விதியின்படி இரத்த உறவுத் தடைக்குள் வருகிறது. ஆனால் ஆயரிடம் விதிவிலக்கு பெற வழியுண்டு, முறைப்பெண் என்ற வழக்கமோ தமிழ்க் குடும்பங்களில் பெருமைக்குரியது. சாதியை எந்த விதியும் தடையாகக் கூறவில்லை. கூறாத தடைக்கு விதிவிலக்கும் கேட்க முடியாது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதல், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழக்கும்வரை சென்றது. ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிடுவோரிடையே நிலை இதுவென்றால், காதலைப் பற்றிய பாடத்தைச் சாதியைத் தொடாமல் நடத்துவது ஏமாற்று வேலையே. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மறைவாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் 2003 ஜூலையில் நஞ்சூற்றிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கு கிறித்தவர்களைப் பற்றியதன்று; எனினும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் எச்சமயத்தவராயினும், காதலித்தால் என்ன நேரும் என்பதை அச்செய்தியிலிருந்தும் கற்றுக்கொள்கின்றனர்.

நாட்டுச் சட்டமும் இப்பாடத்துக்குள் வர வேண்டும். திருச்சபைச் சட்டம் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 எனக் கீழெல்லை வகுத்தாலும், இந்தியாவில் 21ம் 18ம் நிறைவடையாமல் மணம் முடிப்பது குற்றம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் தரும் இசைவு பாலுறவுக்கு இசைவாகக் கொள்ளப்படாது. பாவம் என்ற சொல்லை மட்டும் கேட்டு வளர்ந்த பையனுக்கு இது தெரியாது.

வயதுக்கேற்ற, நல்ல முறையிலான பாலியல் கல்வி வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கேட்டது. நடைமுறையிலோ, நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிப் பத்திரிகையும் அடித்த பிறகே பலர் திருமண ஆயத்தப் பயிற்சிக்கு வருகின்றனர்; அந்நிலையில் 1103ஆம் விதியை அறிந்து பெண்ணொருத்தி செய்யக்கூடியது மிகச் சிறிது என்பதால், அவ்விதி ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மறைக்கல்வி நூலில், அவர்களுடைய பெற்றோரும் படிக்கும்படி, இடம்பெற வேண்டியது.