ஒரு விளக்கு, ஒரு சுருதி

காலை ஐந்தரை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. வற்றல் மிளகாய் நெடி மாடிவரை ஏறி வருகிறது. நான் தியானத்துக்காக மெய்நிகர் அறை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். ஹெட்செட்டை மாட்டினால் கடல், மலை, நிலா எல்லாம் உண்டு. ஆனால் மூன்றாவது நிமிடமே கண் மேய ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் பறவைகளைச் சேர்த்தேன். இன்னும் அதிகமாக மேய்ந்தது.

*

கனடாக் கலைஞர் சார் டேவிஸ் 1995-ல் செய்த ‘ஆஸ்மோஸ்’ என்ற மெய்நிகர் படைப்பு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதில் கையால் இயக்க ஒன்றும் கிடையாது. உடுத்திய கச்சை மூச்சை அளக்கும். மூச்சை இழுத்தால் மேலே மிதப்போம், விட்டால் மெல்லத் தாழ்வோம். உடல் சாயும் பக்கம் திசை மாறும். டேவிஸ் கடலில் மூழ்கிப் பழகியவர். நீருக்குள் உடம்பு கற்றதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மரமும் இலையும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரியும். கண் போய் ஒட்டிக்கொள்ள ஓரமே இருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவு!

*

நவராத்திரிக்குக் குமாரகோவில் முருகன் வந்து தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோவிலில். பத்மநாபபுரத்துச் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். இங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

எனக்குத் தெரிந்து தியானத்துக்கு அந்த மண்டபத்தைவிட நன்றாக அமைந்த அறை இல்லை. எண்ணெய் விளக்கின் வெளிச்சம். ஒலி சீராகப் பரவக் கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள். நவராத்திரிக் கச்சேரி மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். சுவாதித் திருநாளின் கீர்த்தனை நாளுக்கு ஒன்று: முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி. இன்றைக்கு என்ன ராகம் என்பது செருப்பைக் கழற்றும்போதே தெரியும். அதனால் அடுத்தது என்ன என்று மனம் துழாவுவதில்லை. கைதட்டும் வழக்கமும் இல்லை. பாட்டு முடிந்த பின்னும் அந்தக் கடைசி ஸ்வரம் நம்மிடமே இருக்கும்.

நான் சேர்த்துக்கொண்டே போனேன். அங்கே எதையெல்லாம் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்!

2006 வரை அந்த மண்டபத்தில் பெண்கள் பாடியதில்லை. அந்த ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அறை எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

*

கீழ்க்கடை அண்ணாச்சிக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். ஒரு நிமிடம்தான்.

“தலை கெறங்குது தம்பி, கழத்திரு.”

தவறு என்னுடையது. அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க, நான் காட்சியை மலைமேல் நகர்த்திக்கொண்டிருந்தேன். கண் போகிறோம் என்கிறது, உட்காது இருக்கிறோம் என்கிறது; கிறுகிறுப்பு அங்கேதான் பிறக்கிறது. தலையைத் திருப்பும்போது படம் இருபது மில்லிவினாடிக்கு மேல் பிந்தினாலும் இதே கதைதான். உட்கார்ந்திருப்பவருக்குக் காட்சியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

கடல், மலை, நிலா, பறவைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முடிவில் வரும் மதிப்பெண்ணும் போயிற்று. தியானத்துக்கு மதிப்பெண் போடுவது பெரிய பிழை. இப்போது இருட்டில் ஒரு விளக்கு, பின்னணியில் தம்பூராச் சுருதி. கைக்கருவியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டால் அது ஏறி இறங்குவதிலிருந்து மூச்சு தெரிந்துவிடும். மூச்சை இழுத்தால் சுடர் சற்று உயரும், விட்டால் தாழும். பன்னிரண்டு நிமிடம்.

நாளை கடை அடைத்த பிறகு மறுபடி மாட்டிப் பார்ப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.