மாலைதீவுக்குப் போகும் கோப்பு

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஓர் ஆசிரியர் மாலைதீவுக்குப் போக முடிவெடுத்தால், முதல் வேலை ஒரு கோப்பைச் சேர்ப்பதுதான். பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேறுகள், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்திய உயர்தரப் பெறுபேறு, பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை, படிப்பித்த பாடசாலையின் அதிபர் தந்த அனுபவக் கடிதம் என்று அது தடித்துக்கொண்டே போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் முஹம்மத் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் மாறியிருந்தால் (நம் ஊர்களில் மாறாத வீடு குறைவு), இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதன்பின் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரை. அந்தப் பட்டம் தங்கள் நாட்டுத் தரவரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை மாலைதீவு தகைமைகள் அதிகாரசபை தீர்மானிக்கும். இவ்வளவையும் கடுதாசி வேலை என்று சொல்லித் தள்ளிவிட்டு, மார்க்கத்தின் பெயரால் வேறு கேள்விகளைத்தான் நாம் கேட்கிறோம். மனைவி மக்களை விட்டு எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம்? ஊர்ப் பிள்ளையை விட்டுவிட்டு வேற்று நாட்டுப் பிள்ளைக்குப் படிப்பிக்கலாமா? இவை கேட்க வேண்டியவைதான். ஆனால் மறுமைக் கணக்கில் கனக்கப்போவது கடலைக் கடந்த பயணத்தை விட அந்தக் கோப்புத்தான் என்பது என் கட்சி. அதிலுள்ள ஒவ்வொரு தாளும் ஒரு சாட்சியம். அதில் ஒன்று பொய்யானால், அது அலுவலக ஒழுங்குமீறல் என்ற அளவில் முடிந்துவிடாது.

தாள் உலக விவகாரம், தீன் உள்ளத்து விவகாரம் என்ற பிரிப்பு நம் மார்க்கத்தில் வேர்கொண்டதல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறாவின் 282ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. எழுதத் தெரிந்தவர் மறுக்கக்கூடாது, தொகை சிறிதென்று அலுத்துக்கொள்ளக்கூடாது, சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் பின்வாங்கக்கூடாது என்று அது வரிவரியாக விதிக்கிறது. அடுத்த வசனம், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளமே பாவத்தில் வீழ்ந்தது என்கிறது. பெரும்பாவங்களை எண்ணிக்கொண்டு வந்த நபியவர்கள், பொய்ச்சாட்சியைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஹதீஸ் கலையோ முழுக்க முழுக்க ஆள்களைச் சரிபார்க்கும் கலை. யார் யாரிடம் கேட்டார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை விசாரிக்காமல் அந்த அறிஞர்கள் ஒரு சொல்லையும் ஏற்கவில்லை. காலித் இப்னு மஃதானிடம் ஹதீஸ் கேட்டதாகச் சொன்ன ஒருவரிடம், எந்த ஆண்டில் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார் இஸ்மாயீல் இப்னு அய்யாஷ். சொன்ன ஆண்டைக் கணக்குப் பார்த்தால், காலித் இறந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. வெளிப்படையாகப் பொய் சொல்லாமல், நேரில் கேட்டதுபோல் தோன்றும்படி சொற்களை அமைப்பதற்கும் அவர்கள் தத்லீஸ் என்று தனிப்பெயர் வைத்து, அதைக் குறையென்று எழுதிவைத்தார்கள். பின்னேரத் தனியார் வகுப்பில் போன வருடங்களைப் பாடசாலைச் சேவைபோல் தோன்றும்படி எழுதும் அனுபவக் கடிதத்தை ஹதீஸ் கலையின் எந்தப் பிரிவில் வைப்பது என்று மௌலவிமார் யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு முதல் மறுப்பு மதரஸாப் பக்கமிருந்து வரும். அறிவு அல்லாஹ்வுடையது, உஸ்தாத் மாணவனுக்குக் கொடுக்கும் இஜாஸாதான் நம் மரபின் அனுமதி, இடையில் ஓர் அரசாங்கத்தின் முத்திரை எங்கிருந்து வந்தது? மாலைதீவின் வரலாறே இந்தக் கட்சிக்குத் துணை நிற்பதுபோல் தெரியும். 1153இல் அந்தத் தீவுகள் இஸ்லாத்தைத் தழுவக் காரணமானவர் என்று மரபு சொல்லும் அபுல் பரக்காத் யூசுப் அல்பர்பரி ஒரு வெளிநாட்டவர். 1343இல் அங்கே போய் இறங்கிக் காழியான இப்னு பதூதா மொரோக்கோக்காரர். தில்லியில் காழியாக இருந்தவர் என்ற பெயரே அவருக்குத் தகுதியாகப் போதுமாயிருந்தது. அந்தப் பதவி நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும், ஊர்ப் பெண்களின் உடையை மாற்ற முயன்று தோற்றதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆளை விசாரிக்காமல் வேலை கொடுத்ததன் பலன் என்று மாலேயின் பழைய வஸீர்கள் முணுமுணுத்திருப்பார்கள். மறுப்புக்குப் பதில் இதுதான்: இஜாஸா, ஆளைத் தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொன்ன சாட்சி. கொடுத்த உஸ்தாதை அறிந்த ஊரில் அது பேசும். அறியாத ஊரில் அந்த உஸ்தாதுக்கும் ஒருவர் சாட்சி நிற்க வேண்டும். முத்திரை அந்த இரண்டாவது சாட்சிதான். இஜாஸாவுக்கு அது போட்டியல்ல. ஆசிரியரைப் பொது அதிகாரத்தின் கண்காணிப்பில் வைப்பதும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. கைரவானில் வாழ்ந்து 870இல் மறைந்த இப்னு ஸஹ்னூன், ஆசிரியர் ஒழுக்கம் பற்றித் தனி நூலே எழுதினார். பிள்ளைகளைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது, பணக்காரன் பிள்ளையையும் ஏழையின் பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும், கூலிக்கு ஒப்புக்கொண்ட நேரத்தில் வேறு வேலை பார்க்கக்கூடாது என்றெல்லாம் அது விதிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வையாளர்களுக்கு அல்ஷைஸரி எழுதிய கைநூலில், ரொட்டி சுடுபவரையும் மருத்துவரையும்போல் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவருக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பொய்யின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயத்தின் பாரம் விளங்கும். மாலைதீவில் மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ 190. அவற்றில் பல, ஆயிரம் பேர்கூட இல்லாதவை. அப்படியொரு தீவில் ஒரு பாடசாலை. உயர் வகுப்புகளில் இரசாயனவியலுக்கு ஓர் ஆசிரியர். பாடம் ஆங்கிலத்தில், பரீட்சை கேம்பிரிட்ஜ் பரீட்சை. கல்முனையில் ஒரு சேரின் வகுப்புப் பிடிக்காவிட்டால் பிள்ளை அடுத்த தெருவில் இன்னொரு சேரிடம் போகும். பின்னேரமானால் சைக்கிள்கள் நிறைந்த ரியூஷன் வாசல்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அந்தத் தீவுப் பிள்ளைக்கு அடுத்த தெருவே இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரு தடவைகூட நின்று படிப்பிக்காதவர் ஐந்து வருட அனுபவம் என்ற கடிதத்தோடு போய் நின்றால், அந்த வருடத்து வகுப்பு முழுவதற்கும் அந்த ஆண்டு போனதுதான். அந்தப் பிள்ளையின் உம்மாவோ வாப்பாவோ கல்முனைக்கு வந்து விசாரிக்க முடியாது. அவர்கள் கையிலிருப்பது நம் ஊர் அதிபர் போட்ட கையொப்பம் மட்டும்.

இரண்டாவது மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. அதை இலேசாகத் தட்டிவிட முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் சில வாரங்களுக்குள் டொலர்க் கணக்கில் ஏறத்தாழப் பாதிப் பெறுமதியை இழந்தது. எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நிர்ப்பந்தம் ஹராமையே தளர்த்துகிறதே, கடிதத்தில் இரண்டு வருடத்தைக் கூட்டுவது எம்மாத்திரம் என்று கேட்பவர் கெட்டவரல்ல. ஆனால் ளரூரத் என்ற நிர்ப்பந்தம் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பசியில் சாகப்போகிறவர் தன் வாய்க்கு விலக்கப்பட்டதை உண்ணலாம். இன்னொருவரின் வாயிலிருப்பதைப் பறிக்க அது அனுமதியாகாது. ஒரு தீங்கை அதேபோன்ற இன்னொரு தீங்கால் நீக்கக்கூடாது என்பது ஷாபிஈ அறிஞர் ஸுயூத்தி தொகுத்த சட்ட விதிகளில் ஒன்று. உண்மையான இரண்டு வருட அனுபவத்தோடு போனால் தொடக்கச் சம்பளம் குறையலாம், அழைப்பு தாமதமாகலாம், பட்டினி வராது. அதிபருடைய நிலைமை இன்னும் இக்கட்டானது. கேட்பவர் மச்சானாக, மகளின் மாப்பிள்ளையாக, பழைய மாணவனாக இருப்பார்; மறுத்தால் உறவு முறியும். உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியின் சாட்சிகளாக நில்லுங்கள் என்று அந்நிஸாவின் 135ஆவது வசனம் கட்டளையிடுவது, நம் உறவுமுறைகளைத் தெரிந்துகொண்டே சொன்னதுபோல் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு, நான் ஓரத்தில் ஒதுக்கிய கேள்விதான். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வியில் படித்து, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிலோ மக்கள் பணத்தில் தேறியவர் வெளியேறுவதே அமானத் மோசடி. கடிதத்தில் உண்மை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் ஊரில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கற்பிப்பது பர்ளு கிஃபாயா. போதிய பேர் செய்தால் மற்றவர்மேல் கடமை நிற்காது. மருத்துவமும் ஒரு பர்ளு கிஃபாயாவாக இருக்க, முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாத ஊரில் எல்லோரும் சட்டம் படிக்க முண்டியடிப்பதைக் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் கடிந்துகொண்டார். அதே கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிழாமிய்யா மதரஸாவின் பெரிய பதவியை விட்டுப் போனவரும்கூட. போகும்போது தம்பி அஹ்மத் அந்த இடத்தில் நின்று படிப்பித்தார். ஆகவே, போவதா இல்லையா என்பதோடு போன இடத்தில் யார் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2022 ஜூனில் அரசே அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக இடம் கொடுத்தது. அந்த வழியில் வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவித்து, தவணை முடித்துப் போனவரையும், பெருநாள் விடுமுறையோடு விமானமேறி வகுப்பை அந்தரத்தில் விட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இந்தக் கரையில் முன்னுதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் போனார். அயல்நாடு நடத்திய பரீட்சைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துப் போன அவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பியும் வந்தார்.

தாள் நல்ல ஆசிரியரை உருவாக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா முத்திரையும் சரியாக இருந்தும் வகுப்பில் தூங்குபவர் உண்டு. அது வேறு கணக்கு. முகவர்கள் கறக்கும் காசும், ஓர் எழுத்துப் பிழைக்காகக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் அலைய வைக்கும் நடைமுறையும் கண்டிக்க வேண்டியவையே. அலைச்சல் அநியாயம் என்பதற்காகச் சாட்சியத்தில் பொய் கலக்க உரிமை வந்துவிடாது. ஹஜ்ஜுக்கு முந்திய ஜும்ஆக்களில் ஹலாலான பணத்தைப் பற்றிக் குத்பா ஓதும் கதீப்மார், ஒரு வாரமாவது சான்றிதழ்களைப் பற்றி ஓத வேண்டும். அதிபர்களிடமும் சமாதான நீதவான்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: மூன்று வருடம் படிப்பித்தவருக்கு மூன்று வருடம் என்றே எழுதிக் கொடுங்கள். அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும், அடுத்த பெருநாளைக்கு வீட்டுப் பக்கம் வராமலே போனாலும்.